தனி ஆளுக்குக் கரையோர மேசை கிடையாதாம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 1756இல் இசைமேதை மோட்சார்ட் பிறந்த மஞ்சள் வீட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுநாள் அட்னாங்-புக்ஹைமில் ரயில் மாறி, ஏரியின் எதிர்க்கரை நிலையத்தில் இறங்கிப் படகேறி ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. சுமார் 7000 ஆண்டுகளாக உப்பெடுக்கப்படும் மலையின் அடியில் இருக்கும் ஊர் அது. கல்லறைக்கு இடம் போதாமல், மண்டையோடுகளில் பூவும் பெயரும் தீட்டி ஓர் அறையில் அடுக்கி வைத்திருக்கும் ஊர் அது. அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு மனமே வரவில்லை.

மதிய உணவுக்கு ஏரிக்கரை உணவகம் ஒன்றில் நுழைந்ததும், "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். ஒருவர்தான் என்றேன். கரையோர மேசைகள் இருவருக்கு மட்டுமே என்று சொல்லி, சமையலறைக் கதவை ஒட்டிய மூலையில் உட்கார வைத்தார்கள். ஏரி கண்ணில் படவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எண்ணெய்ப் புகைதான் முகத்தில் அடித்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை, மடித்த துணியும் கவிழ்த்த கோப்பைகளுமாக இரண்டு கரையோர மேசைகள் காலியாகவே கிடந்தன. விடுதியிலும் இருவர் அறைக்கான முழுக் கட்டணத்தையே கொடுத்தேன். தனியாக வருபவரும் அந்த ஏரியைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்? காலியாகக் கிடக்கும் நாற்காலியை அவருக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?