கஷ்டப்பட்டு வந்தவர் என்பது ஒரு தகுதியா?

காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15 நெருங்கினாலே வாட்ஸ்அப் முழுக்க ஒரே பல்லவிதான். "அந்தக் காலத் தலைவர்கள் பசியைப் பார்த்தவர்கள். இந்தக் காலத்தவர்களுக்கு என்ன தெரியும்?" கூடவே, காமராஜர் காரை நிறுத்தி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்ட கதையும் வந்துவிடும். ஊர்ப் பெயர் மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். அந்தக் கதை நடந்ததா இல்லையா என்று ஆராய நான் வரவில்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடத்தில்தான் எனக்குச் சண்டை. வறுமையில் பிறந்தவருக்குத்தான் ஏழையின் வலி புரியும், வசதியில் பிறந்தவருக்குப் புரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

முதலில், எளிய வாழ்க்கை வாழ்ந்த எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவதில்லை. ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் பேரும் பணமும் பார்த்த வக்கீல். அதையெல்லாம் விட்டுவிட்டு 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர் நூற்று, கிராமத்து மக்களோடு இருந்தவர். அந்த எளிமையை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் 1953-ல் முதலமைச்சராக அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம் என்ன? தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, எதிர்ப்பில் சிக்கி, 1954-ல் அவர் பதவியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்த காமராஜர், அப்பா இறந்தபின் படிப்பு பாதியில் நின்று, மாமாவின் துணிக்கடையில் நின்றவர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தொழில் பழகுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ராஜாஜி கிராமத்துக்குத் தானாக விரும்பிப் போனவர். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அங்கே தறியும் சக்கரமும் அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வேறு வழியே இல்லாமல் கடையில் நின்றவருக்கு அதே தறி வேறு மாதிரி தெரிந்திருக்கும். என் கணிப்பு இது. ராஜாஜி அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்று நடத்தியது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும் முதலில் ஊர்க்காரர்களிடம்தான் கையேந்தினார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்திப் பணமும் பொருளும் திரட்டினார். கோட்டையில் இருக்கும் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது நிதி ஒதுக்கீடு. பிடியரிசிப் பள்ளியில் படித்தவருக்கு ஊர் தோன்றியது.

எம்.ஜி.ஆர். கதை வேறு. இரண்டு பேரும் சோறு போட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே சோறு இல்லை. காமராஜர் இழந்தது படிப்பு. அவர் போட்ட சோறு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்க. எம்.ஜி.ஆருக்கோ பள்ளிக்கூடத்துக்கு முன்பே பசி வந்துவிட்டது. இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, பேச்சு முழுதாக வருவதற்குள் தகப்பனை இழந்து, தாயோடும் அண்ணன் சக்கரபாணியோடும் கும்பகோணம் வந்து, வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்த பிள்ளை அவர். பசித்து அழ மட்டுமே தெரிந்த வயதில், பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த கஞ்சிதான் தங்களைக் காப்பாற்றியது என்று சத்துணவுத் திட்டத்தை அறிவித்த காலத்தில் அவரே பேசினார்.

1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கி வைத்த திட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இடம் இருந்தது. பள்ளிக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு வயதுக் குழந்தையை ஏன் சேர்க்க வேண்டும்? செலவு தாங்காது, கஜானா காலியாகும் என்று படித்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அவர் கேட்கவில்லை. சமையல் வேலைக்கு ஆதரவற்ற விதவைப் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். கையில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்ற ஒரு தாயை அவர் வீட்டுக்குள்ளேயே பார்த்திருந்தார்.

கலைஞரைச் சுட்டது பசியைவிட அவமானம். திருக்குவளையில் இசை கற்கப் போன இடத்தில் மேல்சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்ற வழக்கம். அது பிடிக்காமல் இசையையே விட்டேன் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த ஆள் ஆட்சிக்கு வந்து 1973-ல் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஒழித்தார். 1998-ல் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தார். நூறு வீடு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு என்று எழுதிவைத்த கணக்கு, பொதுவான மயானம். சமத்துவபுரங்கள் எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை, அது தனிக்கதை. சத்துணவில் அவர் பங்கு 1989-ல் சேர்த்த முட்டை. எதிரி கொண்டுவந்த திட்டம் என்று மூடாமல் முட்டையும் போட்டாரே, அதற்கு ஒரு கும்பிடு.

ஜெயலலிதாவைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். ஆண்கள் நிறைந்த சினிமாவிலும் சட்டசபையிலும் தனியாக நின்று அடி வாங்கியவர், ஆட்சிக்கு வந்த மறு வருடமே, 1992-ல், அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார். அதற்கு முன்னால் ஆண்ட யாருக்கும் அது தோன்றவில்லை.

இதுவரை படித்தால் வாட்ஸ்அப் கட்சிக்கே நான் ஓட்டுப் போடுவது மாதிரி இருக்கும். இப்போது பள்ளியில் சோறு போட்டவர்களில் முதல் ஆளையும் கடைசி ஆளையும் பார்ப்போம்.

சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடலாம் என்று முதலில் முடிவெடுத்தது காமராஜர் இல்லை. 1920-ல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகாமல். தியாகராயர் யார்? பெரும் வணிகக் குடும்பம், நீதிக்கட்சியின் தூண், சர் பட்டம் வாங்கியவர். பசிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததை அவர் கவனித்தார், அவ்வளவுதான்.

நூறு வருடம் தாண்டி 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிய மு.க. ஸ்டாலினும் பட்டினி கிடந்து வளர்ந்தவர் இல்லை. முதலமைச்சர் ஆனவரின் மகன். அவர் பட்ட அடி வேறு, 1976-ல் நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் கைதாகிச் சிறையில் பட்டது. காலை உணவுக்கு விதை எதுவென்றால், சென்னையில் ஒரு பள்ளி நிகழ்ச்சியில் பிள்ளைகளிடம் காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டதும், பலர் இல்லை என்றதும்தான் என்று அவரே சொன்னார். 1956 முதல் எத்தனை பேர் மதியச் சோற்றைப் பற்றி மேடையில் முழங்கினார்கள்! எட்டு மணிக்கு அந்தப் பிள்ளை வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சொந்தப் பசி ஒரு தலைவருக்கு வழி காட்டும். ஆனால் அது காட்டும் வழி குறுகலானது. பட்ட இடத்தை மட்டும்தான் அது காட்டும். படாத இடத்துக்குக் கேட்கும் காது வேண்டும். அந்தக் காது வறுமையில் பிறந்தவருக்குத் தானாக முளைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கஷ்டப்பட்டு வந்தேன் என்று சொல்லியே அடுத்தவன் வயிற்றில் அடித்த உள்ளூர் அரசியல்வாதி ஒருவராவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சத்துணவையே பாருங்கள். சாப்பிடும் பிள்ளையை நம் தலைவர்கள் பார்த்தார்கள், ஏனென்றால் அவர்களில் சிலர் அந்தப் பிள்ளையாக இருந்தவர்கள். சமைக்கும் பெண்ணாக யாரும் இருந்ததில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். முறையான ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு எந்த ஆட்சி வந்தாலும் சாலையில் உட்காருகிறார்கள். 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். போராட்டம் வெடித்த பிறகுதான் அவரால் அங்கேயே சமைக்க முடிந்தது. அறுபது வருடமாகத் தட்டில் சோறு விழுந்துகொண்டிருக்கிறது, அதை ஆக்கிய கைக்கு நடந்தது இது.

அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் தன் இளமைக் கஷ்டத்தைச் சொல்லிக் கண் கலங்கினால், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிறகு, கடைசியாக எந்தப் பள்ளிச் சமையலறைக்குள் போனீர்கள், அங்கே வேலை செய்கிற அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று கேளுங்கள். அப்பா அமைச்சராக இருந்தவர் வந்தாலும் இதே கேள்விதான்.