‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல யாருமில்லாத சிறு விமானங்கள்

கென்னடி குடும்பத்துக்குச் சாபம் என்று யாராவது வீடியோ போட்டால் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த அப்பா சுடப்பட்டார், சித்தப்பா சுடப்பட்டார், மகன் ஜான் கென்னடி ஜூனியர் தன் விமானத்தோடு கடலில் விழுந்தார், ஆகவே சாபம். முதல் இரண்டைப் பற்றி நான் பேச வரவில்லை. மூன்றாவதில் சாபத்துக்கு எந்த வேலையும் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2000-ஆம் ஆண்டு கொடுத்த அறிக்கை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. அதைப் படித்த பிறகு ‘சாபம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையால், அடுத்து இதேபோல் சாகப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் மறைந்துபோகிறது.

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நியூஜெர்சியில் உள்ள எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்திலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் பயணம். மைத்துனியை அங்கே இறக்கிவிட்டு, அப்புறம் ஹையானிஸில் நடக்கும் குடும்பக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பத் திட்டம். போக்குவரத்து நெரிசலில் தாமதமாகி, ஒற்றை எஞ்சின் பைப்பர் சரட்டோகா மேலே எழும்பியபோது இரவு 8:38. சூரியன் மறைந்துவிட்டது. மனைவி கரோலின், அவருடைய அக்கா லாரன், ஓட்டுபவர் ஜான். மூன்றே பேர்.

ஜானுக்கு மொத்தம் சுமார் 310 மணி நேரப் பறத்தல் அனுபவம். பொழுதுபோக்காகப் பறக்கிறவருக்கு அது குறைவில்லை. ஆனால் அறிக்கை அந்த எண்ணைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த விமானத்தில் அவர் பறந்தது சுமார் 36 மணி நேரம். அதிலும் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் பறந்தது சுமார் 3 மணி நேரம்தான். அந்த 3 மணி நேரத்திலும் இரவில் பறந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்குத் தனி உரிமம் உண்டு. அதற்கான பயிற்சியில் இருந்தார், முடிக்கவில்லை. அன்று ஒரு பயிற்சியாளர் ‘நானும் கூட வரட்டுமா’ என்று கேட்டிருக்கிறார். தனியாகவே போக விரும்புவதாகச் சொல்லிவிட்டார் ஜான்.

அன்று கடலோரமெங்கும் புகைபோன்ற மூட்டம். ஆனால் பதிவான பார்வைத் தூரம் சட்டம் கேட்கும் அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். சட்டப்படி அந்தப் பயணத்தில் தப்பே இல்லை. அதே மாலை இன்னொரு விமானி மூட்டத்தைப் பார்த்துத் தன் பயணத்தையே ரத்து செய்தார். அந்த இரவில் தீவுக்கு மேலே பறந்த வேறொருவர், கீழே ஒரு விளக்கும் தெரியாததால் தீவில் மின்சாரம் போய்விட்டதோ என்று நினைத்ததாக விசாரணையில் சொன்னார்.

ஜான் கரையை விட்டு விலகி, நேராகத் தண்ணீருக்கு மேலே போனார். கீழே கறுப்பு, மேலே கறுப்பு, நடுவில் அடிவானம் என்ற கோடே இல்லை. தீவை நெருங்கி உயரம் குறைக்கத் தொடங்கிய பிறகு விமானம் திசை மாறி மாறித் திரும்பியிருக்கிறது. கடைசி ரேடார் பதிவுகளில் அது நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விமானத்தில் பழுது எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. தானியங்கி ஓட்டும் கருவிகூட அதில் இருந்தது. இரவில் தண்ணீருக்கு மேலே இறங்கும்போது திசையுணர்வு குழம்பி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறினார் என்பதுதான் வாரியத்தின் முடிவு. மூட்டமும் இருட்டும் துணைக் காரணங்கள்.

‘திசையுணர்வு குழம்புவது’ என்றால் தலைசுற்றல் மாதிரி ஏதோ என்று பலர் நினைக்கிறார்கள். தலைசுற்றினால் நமக்குத் தெரியும். இது தெரியாது. அதுதான் இதில் உள்ள பயங்கரம். நம் காதுக்குள்ளே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அவைதான். தண்ணீர் நிரம்பிய டம்ளரை மெல்லச் சுற்றிப் பாருங்கள். முதலில் டம்ளர் மட்டும் சுற்றும், தண்ணீர் அப்படியே நிற்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். காதுக்குள்ளும் இதேதான். திரவமும் குழாயும் ஒரே வேகத்தில் சுற்ற ஆரம்பித்ததும் ‘நாம் திரும்பவில்லை, நேராகப் போகிறோம்’ என்று உடம்பு சத்தியம் செய்யும். உண்மையில் விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். சாய்ந்தால் உயரம் குறையும். உயரம் குறைவதைப் பார்த்து, விமானத்தின் மூக்கைத் தூக்க விமானி பிடியை இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் வட்டம் இன்னும் இறுகும், வேகம் கூடும், இன்னும் வேகமாகக் கீழே போகும். காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துச் செய்கிற காரியமே ஆளைக் கொல்கிறது.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் உட்காரவைத்து, வெளிப் பார்வையை மறைத்து, மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையை உண்டாக்கினார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. ஒரே ஒருவரால்கூடச் சமாளிக்க முடியவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஜானைக் குறைசொல்லவே மனம் வரவில்லை. அந்த இருட்டுக்குள் போன பிறகு அவருடைய திறமைக்கு அங்கே இடமே இல்லை. போகலாமா வேண்டாமா என்ற முடிவு தரையில் எடுக்கப்பட்டது. அந்த முடிவைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

இது புதிதும் அல்ல. 1959 பிப்ரவரி 3, அயோவா மாநிலம் கிளியர் லேக் அருகே பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் மூவரும் செத்ததும் இப்படித்தான். அதுவும் பொனான்சாதான். விமானிக்கு 21 வயது, கருவிப் பறத்தலுக்கான தகுதி இல்லை. நள்ளிரவு தாண்டிய குளிர்கால இருட்டில், மோசமாகிக்கொண்டிருந்த வானிலைக்குள் கிளம்பினார். அந்த வானிலைக்கான எச்சரிக்கைகள் அவரிடம் முழுதாகச் சொல்லப்படவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து ஜானுக்கு நடந்தது அதே கதை.

அமெரிக்காவில் நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று பார்க்காமல் சொன்னால், தனியார் சிறு விமானங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட விபத்துகள் நடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 200 உயிரைக் குடிப்பவை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் வாஷிங்டன் விபத்து வரை, அந்த நாட்டு நிறுவனங்களின் பயணிகள் விமானம் எதுவும் பெரிய உயிரிழப்போடு விழவில்லை. அதே வானம், அதே காற்று. சிறு விமான விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு விமானியின் செயலோ முடிவோதான் காரணம் என்று வருகிறது. எஞ்சின் நிற்பதும், உதிரிபாகம் உடைவதும் இல்லாமல் இல்லை, ஆனால் அவை சிறு பங்குதான்.

வித்தியாசம் எங்கே என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய விமானத்தில் கேப்டன் ஒருவர் ‘போகலாம்’ என்றால் மட்டும் விமானம் போகாது. பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கிறார். தரையில் பயணத்தைத் திட்டமிடும் அதிகாரி இருக்கிறார். விமானிக்குத் தூங்க எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. சிறு விமானத்தில் இவ்வளவு பேரின் வேலையையும் ஒரே ஆள் செய்கிறார். அந்த ஆளுக்குக் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய அவசரமும் இருக்கிறது. ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல யாருமே இல்லை.

இந்த அவசரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஜெசிகா டுப்ரோஃப் என்ற ஏழு வயதுச் சிறுமியின் சாவைவிட மோசமான சாட்சி இல்லை. 1996 ஏப்ரலில் அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து கடக்கும் மிகச் சிறு வயது விமானி என்று பெயர் வாங்கப் புறப்பட்டாள். கூடவே அப்பா, பயிற்சியாளர். போகிற ஊரிலெல்லாம் தொலைக்காட்சிக் கேமராக்கள். ஏப்ரல் 11 காலை வயோமிங் மாநிலம் ஷையானில் இடியும் மழையும் பலத்த காற்றும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே. அங்கே காற்று அடர்த்தி குறைவு, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் வலு குறையும். விமானத்தில் அனுமதித்ததைவிடக் கூடுதல் எடை. கிளம்பிய சில நிமிடங்களில் வேகம் போதாமல் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அதிகாரப்பூர்வமான முடிவிலேயே, ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் பேராசையான பயண அட்டவணையும் துணைக் காரணங்கள் என்று எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும் என்று அங்கே இருந்த பெரியவர்களில் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

பாடகர் ஜான் டென்வர் சாவு வேறு வகை. 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடா, நல்ல வெளிச்சம், நல்ல வானிலை. புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானம், தனிநபர் ஒருவர் கட்டியது. எந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்று மாற்றும் குமிழை, வடிவமைப்பில் சொன்ன இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். எரிபொருள் அளவு காட்டுவதும் பின்னால்தான். பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். குமிழோ திருகவே கஷ்டம். இது டென்வருக்கும் தெரியும். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார். பறக்கும்போது குமிழைத் திருப்ப உடம்பை முழுக்கத் திருப்பியதில் வலது கால் தானாகவே மிதியை அழுத்தி, விமானம் புரண்டு கடலுக்குள் பாய்ந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு சொன்னது. இதையும் ‘எஞ்சின் நின்றதால் விபத்து’ என்று ஒரே வரியில் முடிக்கலாம். அப்படி முடித்தால் எதுவுமே விளங்காது.

எரிபொருள் விஷயம் அனுபவமில்லாதவர்களுக்குத்தான் என்றும் எண்ண வேண்டாம். 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேல் விபத்துகள். அந்த விமானிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள். மாணவர்கள் மிகச் சிலரே. மாணவன் பயந்து டேங்கைத் திறந்து பார்ப்பான். பழகியவருக்கு ‘இருக்கும்’ என்ற நம்பிக்கை.

நம் பக்கம் 1980 ஜூன் 23 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் சஞ்சய் காந்தியும் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில் இறந்தார்கள். தாழ்வான உயரத்தில் வித்தைகள் செய்யும்போது விழுந்தது. அதற்கும் இன்றுவரை சதிக் கதைகள் ஓடுகின்றன. உயரம் இருந்தால் தப்பைத் திருத்த விநாடிகள் கிடைக்கும், உயரம் இல்லையென்றால் கிடைக்காது. இந்த எளிய விஷயத்தைப் பேச ஆளில்லை. தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில், வேகம் குறைந்து, இறக்கை காற்றைப் பிடிக்கும் திறனை இழந்து விழுகிற விபத்துகளிலும் இதே கணக்குதான்.

மாற்றவே முடியாதா என்றால், முடியும். சிர்ரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டோடு சிறு விமானங்களை விற்கத் தொடங்கியது. நிஜ ஆபத்தில் அது முதலில் உயிர் காத்தது 2002-இல், டெக்சாஸில். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அந்த விமானங்களின் சாவு விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் பிடி இருந்தும் பலர் இழுக்கவில்லை. சமாளித்துவிடலாம் என்று நினைத்தே இறந்தார்கள். அப்புறம் நிறுவனமும் உரிமையாளர்களும் சேர்ந்து பயிற்சியை மாற்றினார்கள். சந்தேகம் வந்தாலே இழு, விமானம் போனால் போகட்டும் என்று திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். சாவு விகிதம் நன்றாகவே இறங்கியது. இன்றுவரை இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பாராசூட்டால் உயிரோடு இருக்கிறார்கள். பாராசூட் முன்பும் இருந்தது. மாறியது, எப்போது கைவிடுவது என்ற முடிவைத் தரையிலேயே எடுத்துவைக்கும் பழக்கம்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம், நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது விமானப் பயிற்சிக்குப் போகிறார்கள். கடன் வாங்கி, நிலத்தை விற்று அனுப்புகிற பெற்றோர் உண்டு. உரிமத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு தலைக்கு மேல் நிற்கும். விடுதி வாடகை ஏறிக்கொண்டிருக்கும். கூடப் படிப்பவன் முடித்துவிட்டிருப்பான். இந்த நெருக்கடியில் ஒரு இருபது வயதுப் பிள்ளை, வானத்தைப் பார்த்துவிட்டு ‘இன்று நான் பறக்கவில்லை’ என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! வீட்டிலிருந்து போனில் ‘எத்தனை மணி நேரம் முடிச்ச?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வானிலை எப்படி, நீ தூங்கினியா?’ என்றும் கேளுங்கள். பறக்காத நாளுக்காக அவனை வருத்தப்பட வைக்காதீர்கள்.

பயிற்சியில் இருப்பவர்களும் முடித்தவர்களும் இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். மாணவர் ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் உங்கள் இடத்தில் என்ன நடக்கும்? சரி என்று விட்டுவிடுவார்களா, பணம் பிடிப்பார்களா, முகத்தைச் சுளிப்பார்களா? கமெண்டில் எழுதுங்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று என்னிடம் கேட்கிற பெற்றோருக்கு, கட்டணத்துக்கு முன்னால் இதைத்தான் விசாரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.