பதினேழில் கட்டாயம், இருபதுக்கு அப்புறம் கணக்கிலேயே வராது

செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில், மிட்வெஸ்ட் பக்கம். வருகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், ஜி.இ.டி. என்ற, பள்ளி முடித்ததற்குச் சமமான தேர்வை எழுதப் படிக்கிறார்கள். நம் ஊரில் தனித்தேர்வராக எழுதுவோமே, கிட்டத்தட்ட அது மாதிரிதான். மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று நாலு தாள். 100இல் தொடங்கி 200இல் முடியும் மதிப்பெண் அளவில் ஒவ்வொன்றிலும் 145 வாங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதிலும் பின்னம்.

போன மாதம் ஒரு பெண் வருவதை நிறுத்திவிட்டாள். 21 வயது. நாலரை வயதில் ஒரு பையன். வகுப்புக்குக் கூடவே கூட்டிவருவாள், அவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கிரேயானால் கிறுக்கிக்கொண்டிருப்பான். மூன்று தாள் பாஸ் பண்ணிவிட்டாள், கணக்கு ஒன்றுதான் பாக்கி. ஃபோன் செய்து கேட்டேன். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிற இடத்தில், வகுப்பில் உட்காரும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்களாம். வாரம் 20 மணி நேரம் வேலை காட்டினால்தான் பணம். அதனால் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்குச் சாயங்கால ஷிஃப்ட் போகிறாள்.

இதே பெண்ணுக்கு 17 வயதில், கைக்குழந்தையோடு இருந்தபோது, இதே அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? படிக்கப் போகாவிட்டால் பணம் கிடையாது என்றது.

இது யாரோ ஒரு அதிகாரியின் தவறு இல்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட வெல்ஃபேர் சீர்திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே, கல்யாணமாகாத தாய், பள்ளி முடிக்காதவள், குழந்தைக்கு 12 வாரம் ஆகிவிட்டது என்றால், பள்ளிக்கோ அதற்குச் சமமான தேர்வுக்கோ படித்தாக வேண்டும். இல்லையென்றால் டேனிஃப் எனப்படும் உதவித்தொகை இல்லை. 20 வயது ஆகும்வரை குடும்பத் தலைவியாக இருக்கும் பெண் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலே வேலை செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். 20 முடிந்தால் கதை மாறிவிடும். மத்திய அரசின் கணக்கில் முதல் 20 மணி நேரம் வேலையாகவோ வேலைக்கு நிகரான ஒன்றாகவோ இருக்க வேண்டும். ஜி.இ.டி. வகுப்பு அதற்கு மேற்பட்ட நேரத்துக்குத்தான் சேரும். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தனித்தாய்க்குக் கேட்பதே 20 மணி நேரம்தான். ஆகவே அவள் வகுப்பில் உட்காரும் நேரத்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. பதினேழு வயதில் கடமையாக இருந்தது, பத்தொன்பது வயதில் வேலையாக எண்ணப்பட்டது, இருபத்தோரு வயதில் எப்படி வெட்டிப் பொழுதாகும்?

பிள்ளை பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற யோசனை 1996க்கு முன்பே வந்துவிட்டது. விஸ்கான்சினில் டாமி தாம்ப்சன் ஆளுநராக இருந்தபோது 1988இல் லேர்ன்ஃபேர் என்று ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. உதவித்தொகை வாங்கும் வீட்டில் பதின்வயதுப் பிள்ளை காரணமில்லாமல் பள்ளிக்கு மட்டம் போட்டால், குடும்பத்துக்கு வரும் பணத்தில் பிடித்தம். மட்டம் போட்டது பையன், பணம் போனது அம்மாவுக்கு, அரிசி பருப்பு குறைந்தது தங்கச்சி தம்பிக்கும் சேர்த்து. 1990இல் மத்திய நீதிமன்றம் மில்வாக்கியில் இந்தப் பிடித்தத்தை நிறுத்திவைத்தது. வருகைப் பதிவேடே நம்பும்படி இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் ஆப்சென்ட் விழுந்தால், அந்த மாதச் சாப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது? 1992இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். லேர்ன்ஃபேரால் வருகை கூடியதாகத் தெரியவில்லை.

ஒஹாயோ கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. 1989இல் லீப் என்று ஒரு திட்டம், பள்ளி முடிக்காத இளம் தாய்மார்களுக்கு. பள்ளியில் சேர்ந்தால் 62 டாலர், மாதாமாதம் ஒழுங்காக வந்தால் 62 டாலர் கூடுதல், வராவிட்டால் அதே 62 டாலர் குறைவு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் போய்வரவும் உதவி. ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் வைத்தார்கள். பள்ளியில் சேர்வதும் வருவதும் கூடியது. ஆனால் அதிகம் பலன் கண்டவர்கள், திட்டத்துக்குள் வந்தபோது இன்னும் பள்ளியை விடாமல் இருந்தவர்கள். ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்களிடம் அந்தப் பணம் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அந்த வெளியேறிவிட்டவர்களைத்தான் நான் வாரம் இரண்டு நாள் பார்க்கிறேன். அதிகம் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

என் அம்மா 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது எங்கள் ஊர்ப் பள்ளியில் அமைப்பாளராகச் சேர்ந்தார். முட்டை போட ஆரம்பித்த பிறகு, முட்டை நாளில் பெஞ்சு நிறைந்துவிடும் என்பார். ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால் ஆயாவை வீட்டுக்கு அனுப்பிக் கேட்டுவரச் சொல்வார். காய்ச்சல், அல்லது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அல்லது அப்பா குடித்துவிட்டு அடித்தது. வராத பிள்ளையின் தட்டிலிருந்து சோற்றைக் குறைத்தால் மறுநாள் வந்துவிடும் என்று அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால், பேசாமல் வெளியே போ என்றிருப்பார்.

ஜி.இ.டி. விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது 1942இல் ராணுவத்தினருக்காகத் தொடங்கியது. படிப்பை விட்டு இரண்டாம் உலகப் போருக்குப் போன பையன்கள் திரும்பி வந்து மறுபடி பள்ளி பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று, ஒரே தேர்வில் அவர்களுடைய அறிவை அளந்து சான்று கொடுத்தார்கள். 1947இல் நியூயார்க் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. வெண்டிஸ் உணவகங்களைத் தொடங்கிய டேவ் தாமஸ், கோடீஸ்வரரான பிறகும் பள்ளி முடிக்காதது உறுத்தி, 1993இல் ஜி.இ.டி. வாங்கினார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் முகங்கள் மலரும்.

ஆனால் அதே 1993இல் ஜேம்ஸ் ஹெக்மனும் ஸ்டீபன் கேமரனும் எழுதிய ஆய்வு, சம்பளத்தில் பார்த்தால் ஜி.இ.டி. வாங்கியவர்கள் பள்ளி முடித்தவர்களோடு அல்ல, பள்ளியை விட்டவர்களோடுதான் நிற்கிறார்கள் என்றது. ஹெக்மன் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர், லேசில் தள்ள முடியாது. ராணுவமும் ஆள் எடுக்கும்போது பள்ளி டிப்ளமோ வைத்திருப்பவரை முதல் தட்டிலும் ஜி.இ.டி. வைத்திருப்பவரை இரண்டாம் தட்டிலும் வைக்கிறது. தன் சிப்பாய்களுக்காகப் பிறந்த சான்றிதழை ராணுவமே சமமாக நினைக்கவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. எங்கள் அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் போய், டுட்டோரியலில் படித்து, அக்டோபரில் எழுதி பாஸானாள். அவளிடம் யாரும் நீ இரண்டாம் தட்டு என்று சொல்லவில்லை. பிளஸ் ஒன் சேர்ந்தாள், இன்று பள்ளி ஆசிரியை.

ஹெக்மன் சொன்னதை வைத்து, அப்புறம் எதற்கு இந்தத் தேர்வு என்று கேட்கலாம். நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பதில் இதுதான். ஜி.இ.டி. ஒரு கதவு மட்டும். சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து நர்ஸ் உதவியாளரோ வெல்டரோ ஆக அந்தக் கதவு வேண்டும். ஆனால் திறந்த பிறகு நடக்கவும் பணமும் நேரமும் வேண்டுமே. டேனிஃப் விதியில் தொழிற்கல்வியும் 12 மாதத்துக்குத்தான் வேலையாகக் கணக்கில் வரும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் மத்திய அரசு பணத்தில் உதவித்தொகை 60 மாதம்தான். இந்தத் திட்டத்துக்கு மாநிலங்களுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,650 கோடி டாலர் தருகிறார்கள். 1996இல் நிர்ணயித்த தொகை, விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அதை உயர்த்தவே இல்லை.

நம் ஆட்களின் வாட்ஸப் குழுக்களில் நம் வரிப்பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை, நானும் முதல் சில வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருந்துவிட்டு, ராத்திரி பதினொன்று வரை கிடங்கில் நின்றபடி பார்சல் பிரிக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் பார்த்த பிறகு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வேலை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், படிக்கிற மணி நேரத்தை வேலை மணி நேரமாக எண்ணச் சொல்லுங்கள். இருபது வயதில் அந்தக் கோடு எதற்கு? பல மாநிலங்களில் ஒரு தாளுக்கு 30 டாலருக்கு மேல் கட்டணம் வாங்குகிறார்கள். நியூயார்க்கில் இலவசம், மற்ற இடங்களிலும் அப்படிச் செய்யலாம். பள்ளிக்கு வராத பிள்ளைக்காகப் பணத்தைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஆள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நூலகத்திலோ சமுதாயக் கல்லூரியிலோ ஜி.இ.டி. வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள். கணக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படும் இடங்கள் நிறைய. உச்சரிப்பு பற்றிப் பயப்பட வேண்டாம், என் மதுரை ஆங்கிலம் அவர்களுக்கு இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. ஆறாம் வகுப்புப் பின்னத்தைப் பொறுமையாக நாலு தடவை சொல்லத் தெரிந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு காலை ஷிஃப்ட் இல்லை. நூலகம் அன்றைக்கு மூடியிருக்கும் என்பதால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு.