முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு ஒரே ஊர் போதும்: ரோமில் ஆறு இரவு

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஐரோப்பா போகலாம் என்று தேட ஆரம்பித்தாலே முதலில் கண்ணில் படுவது "பத்து நாளில் ஏழு நாடு" வகைத் திட்டங்கள்தான். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். ஏழு நாடு என்றால் ஆறு முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் காலையில் பெட்டி கட்டி, பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த ஓட்டலில் சாவி வாங்கும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். ஆறு மாற்றத்துக்கு ஆறு பகல் போய்விட்டது. மிச்சமிருக்கும் நாலு நாளில் எந்த ஊரைப் பார்ப்பது?

விசாக் கட்டணமும் இன்சூரன்ஸும் ஒரே ஊருக்கும் அதேதான். அதனால் ஒரே ஊரைப் பிடியுங்கள், ஆறு இரவு தங்குங்கள். என் பரிந்துரை ரோம். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள் தேவாலயச் சுவர்களில் இலவசமாகத் தொங்குகின்றன. குடிதண்ணீர் தெருவில் ஓடுகிறது.

விசாவில் ஆரம்பிப்போம், ஏனென்றால் பல பயணங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இத்தாலி உட்படப் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா, அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். சட்டப்படி முடிவுக்கு 15 நாள்தான், ஆனால் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, நிராகரித்தால் எதுவும் திரும்பாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாஸ்போர்ட் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சிக்கல் வரும் இடங்கள் சில. ஓட்டல் தேதி ஒன்று, இன்சூரன்ஸ் தேதி ஒன்று, அலுவலக விடுப்புக் கடிதத்தில் இன்னொன்று. எல்லாக் காகிதத்திலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபாருங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால் சந்தேகம் வரும். கல்யாண மொய்ப் பணம் என்றால் அதையும் ஒரு கடிதத்தில் எழுதிவிடுங்கள். மனைவி வேலைக்குப் போகவில்லை என்றால் கணவரின் செலவேற்புக் கடிதமும் திருமணப் பதிவுச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். இந்தப் பயணத்துக்காக அவசர அவசரமாக மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டாம். அப்பா பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டே போதும், திருமணச் சான்றிதழ் உறவைச் சொல்லிவிடும். பாதியில் பெயர் மாற்றினால் விமான டிக்கெட்டிலிருந்து எல்லாம் குழம்பும்.

எப்போது போவது? ஏப்ரல் பின்பாதி, மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும், பழைய ரோமின் நகர மையமான ஃபோரத்தின் இடிபாடுகளில் நிழலே கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

தங்குவதற்கு மோந்தி அல்லது பிராத்தி. மோந்தி பகுதி தெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியத்துக்கும் நடுவில் இருக்கிறது. பிராத்தி வாட்டிகனை ஒட்டியது, மெட்ரோ ஏ பாதையில் வரும். திராஸ்தேவரே அழகுதான், ஆனால் மெட்ரோ கிடையாது. மாலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அறை பதியும்போது 'மாத்ரிமோனியாலே' என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் ஒரே கட்டில் உள்ள அறை. 'தோப்பியா' என்பது பல இடங்களில் இரண்டு தனிக் கட்டில். இன்னொன்று, நகர வரி. மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் ஒரு இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ, இரண்டு பேருக்கு ஆறு இரவு 72 யூரோ. இணையத்தில் காட்டும் வாடகையில் இது பெரும்பாலும் சேராது, ஓட்டலில்தான் கேட்பார்கள்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. பழைய நகர மதிலுக்குள் டாக்சிக்கு 55 யூரோ என்று கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள், வண்டிக்குத்தான், ஆளுக்கல்ல. இரண்டு பெரிய பெட்டி இருந்தால் டாக்சி எடுங்கள். ரோமின் தெருக்களில் பதித்திருப்பது சின்னச் சின்னக் கருங்கல். அதில் உருட்டினால் பெட்டிச் சக்கரம் உடையும். குதிகால் செருப்பும் அந்தக் கல்லில் ஒத்துவராது, போட்டோவுக்காகக் கொண்டுபோகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் என் விதி: ஒரு நாளைக்கு முன்பதிவு தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் முதலாவதில் ஓட ஆரம்பிப்பீர்கள், அன்றைக்குச் சண்டையும் வரும்.

கொலோசியத்துக்கு அதிகாரப்பூர்வ தளத்தில் 30 நாள் முன்புதான் டிக்கெட் திறக்கும். அடிப்படை டிக்கெட் 18 யூரோ. ஃபோரமும் பலடைன் குன்றும் அதிலேயே அடங்கும், 24 மணி நேரம் செல்லும். டிக்கெட்டில் ஆள் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். நம்மில் நிறையப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியலின் விரிவு அங்கே இருக்கும். விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் பிரித்தீர்களோ அப்படியே இங்கேயும் பிரித்து எழுதுங்கள். செல்லப்பெயர், இனிஷியல் மட்டும் என்று எழுதினால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

வாட்டிகன் அருங்காட்சியகம் இணையத்தில் ஆளுக்கு 25 யூரோ, முன்பதிவுக் கட்டணம் 5 அதில் அடக்கம். ஞாயிறு மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்றைக்குப் போகாதீர்கள், கூட்டத்தில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த கூரையை அண்ணாந்து பார்க்க நிற்கவே இடம் இருக்காது. நிறையப் பேர் செய்யும் தவறு, புனித பீட்டர் சதுக்கத்தில் போய் நிற்பது. அருங்காட்சியக வாசல் அங்கே இல்லை. மதிலைச் சுற்றிப் பின்பக்கம் கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒட்டாவியானோ மெட்ரோவில் இறங்கினால் நேராக வரலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் இதே சட்டம். சதுக்கத்தில் இருக்கும் பெரிய தேவாலயமான புனித பீட்டர் பசிலிக்காவுக்குள் நுழைய இலவசம். புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருக்கும், அன்று காலை பசிலிக்காவை விட்டுவிடுங்கள். கோபுரம் ஏற 551 படி. மின்தூக்கியில் போனாலும் 320 படி மிச்சம், அதுவும் சுவர் சாய்ந்து நெருக்கும் வழி. மூச்சுத்திணறல், மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள்.

கலைக்கூடமாக இருக்கும் போர்கேசே மாளிகையை விட்டுவிடாதீர்கள். முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம். துரத்தும் அப்போல்லோவிடமிருந்து தப்ப தாஃப்னே மரமாக மாறும் கதையைச் சொல்லும் பெர்னினியின் 'அப்போல்லோவும் தாஃப்னேயும்' சிலையை முன்னால் நின்று பார்த்துவிட்டு நகராமல் மெதுவாகச் சுற்றி நடங்கள். விரல் நுனி இலையாவதும் கால் வேராவதும் சுற்றும்போதுதான் தெரியும். 1625இல் முடித்த பளிங்கு அது. ரோமில் ஒரே ஒரு சிலைதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு இப்போது 5 யூரோ. கான்கிரீட் கூரையின் நடுவே ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்தில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் வடிகால் துளைகள் உண்டு. அங்கிருந்து ரெண்டு நிமிட நடையில் புனித லூயி தேவாலயம். கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், இலவசம். இருட்டாக இருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். மதியம் மூடிவிடுவார்கள், காலையில் போங்கள்.

திரெவி நீரூற்றுக்குப் பகலில் போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. கோடையில் ரோம் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். முதல் இரண்டு நாள் உடம்பு விடியற்காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். புரண்டு படுக்காமல் எழுந்து திரெவிக்கு நடங்கள். ஆறு மணிக்கு உங்களோடு பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் தடை, அபராதம் போடுவார்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனிக்க வேண்டியது: கார்போனாரா, அமாத்ரிச்சியானா என்ற பாஸ்தா வகைகளில் பன்றி இறைச்சி உண்டு. காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவில் சீஸும் மிளகும் மட்டும், ஆனால் அந்தப் பெக்கொரினோ சீஸை உறைய வைப்பது விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால். அதுவும் ஆகாது என்றால் மரினாரா பீட்சா கேளுங்கள், தக்காளி, பூண்டு, எண்ணெய், அவ்வளவே. துண்டு பீட்சாவை எடை போட்டு விற்பார்கள். விலைப்பலகையில் 'எத்தோ' என்றிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. உணவகத்தில் மீனுக்கும் பல இடங்களில் அதே கணக்குதான், முழு மீனின் விலை என்று நினைத்து ஆர்டர் செய்தவர்கள் பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும், மேசையில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்கு. 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால் வரும், 'கஃபே லாத்தே' என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊர் முழுக்க சுமார் 2,500 இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. கீழே வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வரும், அப்படியே குடிக்கலாம்.

பஸ், மெட்ரோவுக்கு 1.50 யூரோ, 100 நிமிடம். வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம், ஆனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு அட்டை வைத்திருங்கள். அட்டைகள் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது, இந்த இரண்டைத் தவிர இன்னொன்று எப்போதும் ஓட்டல் அறையில் பூட்டியிருக்கட்டும். தெர்மினி, மெட்ரோ ஏ, 64 எண் பஸ் மூன்றிலும் ஜேப்படி அதிகம். கதவு மூடும் நொடியில் நெருக்குவார்கள், முதுகுப்பையை மார்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடையில் இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய்க்குச் சம்மதித்தால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் பணம் போகும்.

நான்காம் நாளுக்கு எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள். காலையில் இருவரும் தனித்தனியே போகலாம், ஒருவருக்குக் கடைத்தெரு, ஒருவருக்கு இடிபாடு. அதற்கு இரண்டு போனிலும் தனித்தனி இணைய இணைப்பு வேண்டும். கணவர் போனில் மட்டும் போட்டுக்கொண்டு மனைவியை அவர் பின்னாலேயே நடக்க வைக்காதீர்கள். மாலை ஏழு மணிக்கு பின்சியோ மேட்டில் சந்தித்துக்கொள்ளுங்கள். மே மாதம் என்றால் சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், பீட்டர் கோபுரம் இருக்கும் மேற்குப் பக்கம் சூரியன் இறங்குவது அங்கிருந்து தெரியும்.