பாரிஸில் பழைய படம் பார்க்கப் போகிறவர்களுக்கு

அக்கா மகள் மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவளுக்கு சினிமா என்றால் உயிர். போன ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் போனை என் பக்கம் நீட்டி, "மாமா, இதில் எதை முதலில் பார்க்கலாம்?" என்றாள். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் 2022-இல் விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வெளியிட்ட, உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியல் அது. முதலிடத்தில், ஷாந்தால் அகெர்மான் 1975-இல் எடுத்த 'ழான் தீல்மன்'. அதில் தொடங்கி வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பது அவள் திட்டம்.

இந்த ஊரில் பழைய படங்கள் ஓட்டும் சின்ன தியேட்டர்கள் அத்தனை இருக்கின்றன. புதன்கிழமைதோறும் அட்டவணை மாறும். ஒரே வாரத்தில் ஜப்பானியப் படம், இத்தாலியப் படம், அறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் படம் எல்லாம் வரும். புதிதாக வருகிறவர்கள் திணறிப்போய்ப் பட்டியலைப் பிடித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. வீட்டில் பார்க்கப் பட்டியல் போதும். தியேட்டருக்குக் கிளம்பும்போது மட்டும் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் என்பேன்: இந்தப் படத்தை வீட்டிலேயே பார்த்தால் எனக்கு எது கிடைக்காமல் போகும்?

பிரெஞ்சு நகைச்சுவை இயக்குநர் ழாக் தாத்தியின் 'பிளேடைம்' படத்தை நான் முதலில் பார்த்தது மடிக்கணினியில். கண்ணாடிக் கட்டிடங்கள், எங்கும் சாம்பல் நிறம், தூரத்தில் எறும்பு மாதிரி மனிதர்கள். கதை என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டேன். சில வருடம் கழித்து, பெர்சி பகுதியில் இருக்கும், பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாத்துத் திரையிடும் சினிமாதெக்கின் பெரிய அரங்கில் அதே படத்தைப் போட்டார்கள். போவதா வேண்டாமா என்று கடைசி வரை யோசித்துத்தான் போனேன்.

1967-இல் வந்த அந்தப் படத்தைத் தாத்தி வழக்கத்தைவிட அகலமான 70 மி.மீ. பிலிமில் எடுத்தார். முகத்தை நெருங்கிக் காட்டுகிற காட்சி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே சட்டகத்துக்குள் ஐந்தாறு வேடிக்கைகள் ஒரே நேரத்தில் நடக்கும், எங்கே பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுவார். பிற்பகுதியில் ஒரு ஓட்டல் காட்சி வருகிறது. அன்றைக்குத்தான் திறப்பு விழா, வேலை இன்னும் முடியவில்லை. வாசலில் கண்ணாடிக் கதவு நொறுங்கிவிடுகிறது. வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து திறந்து விடுகிறார். நாற்காலியில் சாய்ந்தவர்கள் முதுகில் எல்லாம் கிரீட வடிவம் பதிந்திருக்கிறது. உடுப்பு கிழிந்த பரிமாறுபவர் ஒருவரிடம் மற்றவர்கள் வந்து தங்கள் கிழிந்ததைக் கொடுத்து அவருடைய நல்லதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு மேஜையில் கிடக்கும் மீனுக்கு ஆள் மாற்றி ஆள் வந்து திரும்பத் திரும்ப மசாலா தூவுகிறார்கள்.

இதில் பாதியை நானாகப் பார்க்கவில்லை. இடப்பக்கம் இருந்த முதியவர் திடீரென்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று திரையில் தேடினேன், மூலையில் கிடைத்தது. அதற்குள் பின்வரிசையில் ஒரு குழந்தை வேறெதற்கோ சிரித்தது. முன்பின் தெரியாத இருநூறு முந்நூறு பேர் ஒருவருக்கொருவர் கண்ணாக இருந்து பார்த்த படம் அது. இந்தப் படத்துக்காகத் தாத்தி ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு நகரத்தையே செட்டாகக் கட்டினார், கடனில் மூழ்கினார், தன் பழைய படங்களின் உரிமைகளைக்கூட இழந்தார். அவ்வளவையும் கொட்டி அவர் செய்ததை, பதின்மூன்று அங்குலத் திரையில் பார்த்து நான் சலிப்பு என்று முடிவு கட்டியிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால், சின்னத் திரையில் பார்த்துப் பாதியில் விட்ட படம் அட்டவணையில் வந்தால் முதலில் அதற்குப் போங்கள்.

எந்த தியேட்டர் என்பதும் முக்கியம். சொர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஷாம்பொல்லியோன் தெருவில் மூன்று தியேட்டர்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மூலையில் உள்ள 'ஷாம்போ' 1938-இலிருந்து ஓடுகிறது. எனக்கு மிகப் பிடித்த தெரு. ஆனால் திரைகள் சிறியவை. பேச்சும் முகங்களுமாக நகரும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவை அருமையாகப் பொருந்தும். அகலத் திரைப் படமென்றால் 'மாக்ஸ் லாண்டர்' மாதிரி பெரிய திரையில் போடும் நாளுக்குக் காத்திருக்கலாம்.

அவள் பட்டியலின் முதல் படத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மணி இருபத்தொரு நிமிடம் ஒரு பெண் வீட்டு வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு உரிக்கிறாள், படுக்கையை மடிக்கிறாள். வீட்டில் என்றால் கை தானாகப் போனைத் தேடும். இருட்டில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அந்த நேரத்தைக் கழித்தால்தான், மூன்றாம் நாள் அவள் கை தடுமாறும்போது நமக்கும் பதறும். சரி, பார்க்கட்டும். முதலிடம் என்பதற்காகப் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். சினிமாதெக்கை 1936-இல் நண்பர்களோடு தொடங்கிய ஆன்ரி லாங்லுவா, நல்ல படம் கெட்ட படம் என்று தரம் பிரிக்காமல் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்தார். எது முக்கியம் என்று இன்றே தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்பது அவர் எண்ணம். அந்த அரங்கில் உட்காரும்போதெல்லாம் அவர் செய்தது சரி என்றே தோன்றுகிறது.

அப்புறம் மொழி. அவளுக்கு இன்னும் பிரெஞ்சு சரியாக வரவில்லை. இங்கே எந்த நாட்டுப் படமானாலும் வசன எழுத்து பிரெஞ்சில்தான் ஓடும். அதனால் கொபலான் அவென்யூவில் 2014-இல் திறந்த, பாத்தே என்ற பழைய சினிமா நிறுவனத்தின் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் அரங்கைச் சொன்னேன். 68 இருக்கைதான். மௌனப் படம் போடுவார்கள், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசிப்பார். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தட்டுத் தடுமாறிப் படித்தாலே போதும்.

நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தாள். "மாமா, நீங்க சொன்ன பியானோ தியேட்டருக்கே முதல்ல போகலாம். சனிக்கிழமை ஃப்ரீயா?"

இத்தாலி சதுக்கத்து மெட்ரோ வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.