சிட்ரிக் அமிலச் சுழற்சியில் நேரடியாகக் கிடைப்பது 1 ஏடிபிதான்
செல்லுக்கு வேண்டிய ஏடிபியில் (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) பெரும்பகுதி, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடரான சிட்ரிக் அமிலச் சுழற்சியிலேயே உருவாகிறது என்று கட்டுரையில் இருப்பது சரியில்லை. ஒரு சுற்றுக்கு நேரடியாகக் கிடைப்பது 1 ஏடிபி, அல்லது அதற்கு ஈடான ஜிடிபி, அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். வருடா வருடம் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். சுழற்சியின் உண்மையான வேலை, உணவு சிதைந்து உருவாகும் அசிட்டைல் கோஏ தரும் எலக்ட்ரான்களைக் கறந்து, சுமை தூக்கி மூலக்கூறுகள் மேல் ஏற்றி, 3 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2 ஆக அனுப்புவது. மைட்டோகாண்டிரியாவின் உள்சவ்வில் அவை அந்தச் சுமையை இறக்கிய பிறகுதான் ஏடிபி குவிகிறது. சுற்றுக்குச் சுமார் 10 ஏடிபி என்று புத்தகங்கள் சொல்வது அதையும் சேர்த்துத்தான். மேலே ஒருவர், சுழற்சியின் எந்தப் படியிலும் ஆக்சிஜன் வரவில்லையே, பிறகு அது இல்லாமல் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லையென்றால் என்ஏடிஎச் காலியாகாது; சுமை இறக்கிய வெறும் என்ஏடி திரும்பி வராததால் சுழற்சி அப்படியே முடங்கிவிடும். அப்புறம், இந்தச் சுழற்சி "எல்லா செல்களிலும்" நடக்கிறது என்று கட்டுரையில் இருப்பதையும் திருத்த வேண்டும். நம் ரத்தச் சிவப்பணுவில், சுழற்சி நடக்கும் இடமான மைட்டோகாண்டிரியாவே கிடையாது. உடல் முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து திரிந்தாலும், தன் தேவைக்கு அதைத் தொடாமல் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் கிளைக்காலிஸிஸ் மூலம் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி வீதம் எடுத்துக்கொண்டே அது சுமார் 120 நாள் வாழ்கிறது.