இரண்டு நிமிடக் கொண்டையாம்!

"இரண்டே நிமிடத்தில் ஈஸியான கொண்டை" என்று இன்னொரு வீடியோ வந்தால் போனைத் தூக்கி எறிந்துவிடுவேன். அந்த இரண்டு நிமிடம் எப்போது தொடங்குகிறது? தலைக்குக் குளித்து, காயவைத்து, சிக்கெடுத்து, 180 டிகிரி சூட்டில் அயர்ன் செய்து முடித்த பிறகு! அந்த ஒரு மணி நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

காட்டுவதெல்லாம் வழவழவென்று நீண்ட முடி. சுருட்டை முடிக்காரர்கள் எங்கே போவது? தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் அந்தக் குட்டி ஹேர்பின் நிற்குமா? 4 பின் போதுமாம். என் மகளுக்கு 12 குத்தினேன், செருப்பு மாட்டுவதற்குள் சரிந்துவிட்டது.

பின்னந்தலையில் வகிடு எடுக்கும் இடம் வந்ததும் வீடியோவை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். அங்கேதானே கை தடுமாறுகிறது! தோள் கடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத இடத்தில் பின்னலுக்கு முடியை மூன்று காலாகப் பிரிப்பது எப்படி? அதைக் காட்டுங்கள். அப்புறம், "நீங்களே பின்னலாம்" என்று தலைப்பு. பின்னிவிடுவதோ பின்னால் நிற்கும் இன்னொருத்தி. அது எப்படி நானே பின்னுவதாகும்?

7.40க்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. ரப்பர் பேண்டும் அறுந்துவிட்டது. பிள்ளை பாதிச் சடையோடு நின்று அழுகிறாள்.